ஒருமுறை எழுந்த அலை

ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தந்த சேரின் வீட்டுச் சுவரில் விழுந்த லேசரின் சிவப்புப் பொட்டு இன்றும் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்ற வழக்கு இன்னும் தீராத வேன்காரன் நான். சேர் கண்டியில் இரவல் வாங்கிய லேசரைச் சாய்ந்தமருதுக்கு ஏற்றி வந்ததால், விஞ்ஞானத்தில் எனக்கும் பங்கிருப்பதாக ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

"காக்கா, நீங்க உடுத்திரிக்கிற சாரத்துக் கோடு மாதிரி இந்த வெளிச்சம் ஒரே பக்கமா ஆடிப் போற," என்று, என்னை அண்ணன் முறை வைத்தே கூப்பிடும் சேர் விளக்கினார். "இந்தக் கண்ணாடிக் குழாய்த் தண்ணியில இரிக்கிற ஐதரசன் அணுக்கருவெல்லாம் குட்டிக் காந்தம். பெரிய காந்தத்தால அதுகளத் தொழுகைச் சஃப்பு வரிசை மாதிரி நிப்பாட்டினா, அந்தக் கோடு துளியூண்டு திரும்பும்."

"என்ட சாரம் திரும்பினா மானந்தான் போகும். இது திரும்பினா என்ன கிடைக்கும் சேர்?"

"மேற்படிப்புக்கு இடம். காட்டாட்டி அது போயிரும்."

லேசரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின பகல், கோடு திரும்பியதன் அடையாளமாகக் கணினியில் மெல்லிய அலை ஒன்று எழுந்தது. ஒருமுறை கண்டது கணக்கில் சேராது, திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றார் சேர். அதற்குள் அவருடைய உம்மா பிரியாணி ஆக்கி, எனாமல் பூசிய பெரிய இரும்புச் சஹனில் கொட்டி அனுப்பிவிட்டார். ஒரே தட்டைச் சுற்றியிருந்து தின்றோம். கால் தட்டாமல் இருக்கட்டும் என்று வெறும் சஹனைச் சேரே காந்த மேசையின் அடித்தட்டில் தள்ளினார்.

பிறகு அலை வரவே இல்லை. விடிந்தும் வரவில்லை. மின்விசிறியை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்தார், வயரை மாற்றினார், என்னை மூச்சைக் குறைக்கச் சொன்னார். எரிச்சலில் நான் காந்தத்துக்கு ஓதி ஊதியும் பார்த்தேன்.

நண்பகலில் லேசரைப் பெட்டியில் கட்டி வேனில் ஏற்றினோம். "சஹன எடுத்துத் தாங்க மகன், கழுவணும்," என்றார் உம்மா. சேர் அதைத் தூக்கினார். அது கையை விட்டு எழும்பி, காந்தத்துக்கு நேர்கீழே மேசைப் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டது. சேர் தரையில் குந்திவிட்டார்.

"சஃப்பக் கலைச்சது இதுதான் காக்கா."

இன்னும் ஒரு நாள் கேட்டுக் கண்டிக்குப் பேசிப் பார்த்தார். லேசர் தந்தவர்கள் இணங்கவில்லை. லேசரோடு வேன் நாவிதன்வெளி வயலை எட்டியபோது கேட்டுப் பார்த்தேன்.

"வேனத் திருப்பவா சேர்?"

"வேணாம். அங்க இதுக்கு இன்னொரு புள்ள காத்திரிக்கி. ஓடுங்க."

அந்த மேற்படிப்பு இடம் போனது. சேர் இப்போது பள்ளிக்கூடத்தில் காந்தம் படிப்பிக்கிறார். வெளிச்சம் மெய்யாகத் திரும்புமா என்று பிள்ளைகள் கேட்டால், "ஓம், நான் ஒருக்காக் கண்ட," என்கிறாராம். அது கணக்கில் சேராது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.