முத்துமாரியின் கட்டைவிரல்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் முத்துமாரியிடம் வாய் கொடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது. ஜன்னல் சீட்டுக்காக அவள் போடும் சண்டை அப்படி. சும்மா இல்லை, அவளுக்குக் காற்று வேண்டும். பல வருஷம் ஷூ துண்டுகளுக்கு சொல்யூஷன் தடவித் தடவி, அந்தப் பசை நெடி நெஞ்சில் ஏறி வீசிங் வந்துவிட்டது. "மறுபடியும் பசை பக்கம் போனா உசுருக்கே ஆபத்தும்மா" என்று வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், தோலைத் தரம் பிரிக்கும் மேஜைக்கு அவளை மாற்றினார்கள்.

அங்கே அவள் மகாராணி. தோலை விரித்துக் கட்டைவிரலால் அழுத்தி முன்னே தள்ளுவாள். மேல்பக்கம் சுருங்குகிற விதத்திலேயே முதல் தரமா, மூன்றாம் தரமா என்று தெரிந்துவிடும். தெரிந்ததை சாக்பீஸால் தோலின் ஓரத்தில் குறிப்பாள். பக்கத்து மேஜையில் ஜஹீருன்னிசாவுக்கும் அதே வேலை.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்தது கம்ப்யூட்டர். இனி இரண்டு மேஜை வேண்டாம், ஒரே மேஜை, ஒரே ஆள். தரத்தைத் திரையில் பதிய வேண்டும். ஒரு வாரம் இருவரும் செய்து பார்க்கட்டும், யாருக்குச் சரிப்படுகிறதோ அவருக்கு அந்த இடம் என்றார் சூப்பர்வைசர் பிரேம்நாத். மற்றவள் பழைய இடத்துக்கே போக வேண்டும். ஜஹீருன்னிசாவுக்கு அது தையல் மெஷின். முத்துமாரிக்குப் பசை மேஜை.

முதலில் தொடுதிரை. ஜஹீருன்னிசா செல்போன் தேய்த்துப் பழகியவள். தட்டித் தட்டி முடித்துவிட்டாள். முத்துமாரியோ, தோலை அழுத்தித் தள்ளுகிற மாதிரியே கண்ணாடியையும் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினாள். அந்தப் பாழாய்ப்போன திரையில் அழுத்திப் பிடித்தால் ரத்து என்று அர்த்தமாம். காலையிலிருந்து அவள் பதிந்த நல்ல தோலெல்லாம் கணக்கில் இல்லாமல் போனது.

"மாரிம்மா, அது தோல் இல்ல, கண்ணாடி. லேசா தொட்டா போதும்" என்றார் பிரேம்நாத்.

"தொட்டுத்தான் சார் பாக்கறேன். கொஞ்சம் அழுத்துனா இன்னா கோவம் வருது அதுக்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை.

அடுத்து மவுஸ். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தோலிலிருந்து கையை எடுக்க வேண்டும். திரையில் அந்த அம்பு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள், விரல் சொன்னது மறந்துபோகும். மறுபடி தோலை முதலிலிருந்து தடவ வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் யாரோ ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார்கள். முத்துமாரி சண்டைக்குப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கண்ணைத் துடைத்ததை ஜஹீருன்னிசா பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஜஹீருன்னிசா தன் பையிலிருந்து சின்னதாக ஒரு பலகையை எடுத்தாள். எண்கள் மட்டும் உள்ள கீபோர்டு. அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் சும்மா கிடந்ததாம்.

"திரைல ஒவ்வொரு தரத்துக்குப் பக்கத்துலயும் நம்பர் இருக்குல்ல, அத இதுல அமுக்குனா போதும். வலது கை தோல் மேலயே இருக்கட்டும், எடது கையால அமுக்கு. எவ்ளோ வேணா அழுத்து, ஒண்ணும் கோச்சிக்காது."

தேய்ந்துபோயிருந்த ஐந்தாம் எண் பொத்தானின் மேல் துளியூண்டு தோல் ஒட்டியிருந்தது. பார்க்காமலே நடு இடம் விரலுக்குத் தெரியுமாம்.

"சொல்யூஷன்லதான் ஒட்டுனேன். ராத்திரி பூரா மாடில காயவெச்சேன். நெடி வருதா பாரு."

முத்துமாரி மோந்து பார்த்தாள். கொஞ்சமும் இல்லை.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கண் தோலை விட்டு நகரவில்லை, கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது, இடது கை பதிந்துகொண்டே போனது. திரையைத் தட்டிய ஜஹீருன்னிசாவோ ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. இடையில் தோலிலிருந்த ஒன்றிரண்டு தழும்புகள் கண்ணுக்குத் தப்பிப்போயின. வாரக் கடைசியில் பிரேம்நாத் இரண்டு விதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இந்த நம்பர் பலகைதான் சரி" என்றார். நியாயமான மனுஷன், ஜஹீருன்னிசாவிடமும் கேட்டார்: "நீயும் இதுல ஒரு நாள் செஞ்சி பாக்கறியாம்மா?"

"வேணாம் சார். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல."

முத்துமாரி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கடையில் பில் போடுவது யார்? இதே ஜஹீருன்னிசாதான். எண்கள் மேல் அவள் விரல் ஓடுவதை இவளே நின்று வாய் பிளந்து பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் முத்துமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி பொய் சொன்ன?"

"தையல்ல உக்காந்தா எனக்கு முதுகு வலிக்கும். பசைக்குப் போனா உனக்கு மூச்சு நிக்கும். ரெண்டும் ஒண்ணாடி?"

இந்த நன்றிக்கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பது என்று சண்டைக்காரியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இப்போதும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அவள் சண்டை போடுகிறாள். பிடித்த சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். வழியில் ஜஹீருன்னிசா ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.