யோசனை சொல்லக் கூடாது என்றொரு விதி

அந்த விதியைக் கொண்டுவந்தது என் மனைவிதான். என் முதல் சந்தேகமே அதில்தான்.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மேல்மாடிப் பெண் ஞாயிறு மதியங்களில் ஒரு விளையாட்டு நடத்துகிறாள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பூதங்களும் குகைகளும் உள்ள ஏதோ ஒரு நாட்டில் அலைய வேண்டும். கதையை அவள் சொல்வாள். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ரசப்பொடி கொடுக்கப் போன என் மனைவி இதில் சேர்ந்துகொண்டு திரும்பி வந்தாள். அங்கே அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க நானும் சேர்ந்தேன். மூன்றாவது ஆட்டக்காரன் அந்தப் பெண்ணின் கல்லூரித் தோழன், கோடம்பாக்கத்தில் டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு செய்கிறவன்.

முதல் நாள் வீட்டு விதிகளைப் பேசி முடித்தோம். புத்தகத்தில் நூற்றுக்கணக்கில் விதிகள் இருந்தாலும், ஒவ்வொரு வீடும் தனக்கென்று சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாம். மேஜையை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது. பஜ்ஜி தின்ற கையோடு பகடையைத் தொடக் கூடாது. பொம்மைகளைக் கொலுப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். (பூதமாக நின்றது செட்டியார் பொம்மை.) நான்காவதாக என் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஆம்படையான் பொண்டாட்டிக்கு யோசனை சொல்லப்படாது. பொண்டாட்டியும் சொல்லப்படாது."

மேஜையில் இருந்தது ஒரே ஒரு தம்பதி. ஒலிப்பதிவுக்காரன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

"மீறினா?" என்று கேட்டேன்.

"மீறினா நான் தனியா வந்துக்கறேன். நீங்க ஆத்துல டிவி பாருங்கோ."

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விதி நிறைவேறியது.

அடுத்தது பாத்திரத் தேர்வு. அவளுக்கு வைத்தியச்சி பொருந்தும் என்று முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நிற்கலாம், காயத்துக்கு மருந்து போடலாம், ஆபத்தில்லை. அவள் யோசிக்கவே இல்லை. "திருடி" என்றாள்.

"என்னது?"

"பூட்டைத் திறக்கறவ. எல்லாருக்கும் முன்னாடி தனியாப் போய்ப் பாத்துட்டு வரவ."

நாற்பத்தோரு வருஷமாகக் கூட இருக்கிறேன். இப்படி ஒரு ஆசை எங்கேயிருந்து வந்தது, எப்போதிருந்து இருக்கிறது, யாரிடம் விசாரிப்பது? நான் கேடயம் தாங்கிய குள்ளனாகப் போனேன். கூட்டத்தின் சாமான்களுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன், வேறென்ன செய்வேன்?

"இன்னா மாமா, பூதம் வந்துகினு கீது, நீ கயிறு எண்ணிகினு கீற!" என்று ஒலிப்பதிவுக்காரன் கத்துவான். அவனுக்குக் கோடரிக்காரன் வேஷம்.

"போன வாரம் தீப்பந்தம் அஞ்சு. இப்போ நாலுதான் இருக்கு."

"ஒண்ண நாந்தான் கொளுத்துனேன்."

"யாரைக் கேட்டு?"

"இருட்டக் கேட்டு."

பந்தத்தைவிட அதிகமாக நான் கணக்கு வைத்தது என் மனைவியை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் சொல்வது, "தரையைத் தட்டிப் பாக்கறேன்." ஒன்பது அறைகள், ஒன்பது முறையும் சொன்னாள். நான் சொல்லித்தர வேண்டிய இடமே வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தாவது அறை வந்தது. மேல்மாடிப் பெண் சொன்னாள்: "கல் பாவின தரை. எங்க பாத்தாலும் கெட்டியா தூசி. நடுவுல ஒரு வரிசையில மட்டும் இல்ல. அந்தப் பக்கம் ஒரு இரும்புப் பெட்டி." நடுவிலிருந்த வாக்கியத்தை அவள் விழுங்கினாற்போல் வேகமாகச் சொன்னாள். ஸ்டோர்ஸிலும் இப்படித்தான். எந்த அலமாரியில் தூசி இல்லையோ அங்கேதான் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அந்தக் கற்கள் திறந்து மூடுகிறவை.

"நேரா பெட்டிகிட்ட போறேன்" என்றாள் என் மனைவி.

தரையைத் தட்டவில்லை.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவளுடைய திருடி பிழைப்பாள், அடுத்த ஞாயிறு முதல் எனக்கு டிவி. சட்டத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. மனைவிக்குத்தானே சொல்லக் கூடாது? மேஜைக்கு அடியில் ஒலிப்பதிவுக்காரனின் காலை மெதுவாக மிதித்தேன்.

"இன்னாத்துக்கு மாமா கால மெறிக்கிற?" என்றான், பஜ்ஜி நிறைந்த வாயோடு.

எல்லோரும் திரும்பினார்கள். என் மனைவி கையிலிருந்த பகடையை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஏதாவது சொல்லணுமா?" என்றாள் மேல்மாடிப் பெண்.

"இல்லை. கொசு."

"ஆன்ட்டி, நிச்சயமா நேரா போறீங்களா?"

அப்படிக் கேட்டாலே குழி இருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "போறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது. கல் பிளந்தது. ஒலிப்பதிவுக்காரன் தொழில்சுத்தமாக ஒரு அலறல் கொடுத்தான். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. திருடி செத்துப்போனாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"தூசின்னு சொன்னப்பவே."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மேல்மாடிப் பெண்ணிடம், "அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் வரச்சே வடை தட்டிண்டு வரேன்" என்றாள்.

நாங்க ரெண்டு பேரும். என் நாற்காலி தப்பியது. ஆனால் நிம்மதி வரவில்லை. படியிறங்கும்போது கேட்டேன்: "எப்பவும் தரையைத் தட்டுவியே. இன்னிக்கு ஏன் தட்டலை?"

"மறந்துட்டேன்."

கேஸ் சிலிண்டரை எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதிலிருந்து என் தங்கை எங்கள் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தாள் என்பதுவரை எதையும் மறக்காதவள். ஒன்பது அறைகளில் மறக்காதவள். நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்கத்தான் அந்தக் கல்லில் காலை வைத்தாளோ?

திரும்பவும் கேட்க வாயெடுத்தேன். அவள் வாசற்கதவைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "கொசுவாம்" என்றாள்.