மடி உதறிய பிள்ளை

என் மகள் கிருபாவுக்கு நாலரை வயதானபோது அவளுடைய தூக்கம் போயிற்று. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வாரம். அவள் செத்துப்போவாள் என்றே நான் நினைத்துவிட்டேன். 1938 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய அந்தத் துன்பத்தையும், கர்த்தர் எங்களை அதிலிருந்து வெளியே கொண்டுவந்த விதத்தையும் சபையார் அறியும்படி எழுதுகிறேன். சில இடங்களில் என்னை மறைத்து எழுத ஆசை வருகிறது. மறைக்காமல் எழுத அவரே எனக்குத் துணை நிற்க வேண்டும்.

போடி ஊர்க் கடைவீதியில் என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கி இருக்கிறது. நான் மதுரையில் ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். பதினாறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, என் முப்பத்தேழாம் வயதில் பெற்றவள் கிருபா.

கண் அசந்த சிறிது நேரத்தில் அவள் அலறிக்கொண்டு எழுவாள். எழுந்து நின்று பாவாடையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து உதறுவாள். உதறிக்கொண்டே இருப்பாள். தடுத்தால் கடிப்பாள். என் முன்கையில் சதை பிய்ந்தது. தலையைச் சுவரில் மோதிக்கொண்டதில் ஒருமுறை நெற்றி பிளந்தது. பூச்சியென்று நினைத்துப் பாயை மாற்றினோம். டாக்டர் புழுவுக்கு மருந்து கொடுத்தார், பிறகு தூங்கவும் கொடுத்தார். மருந்தில் கிறங்கிக் கிடந்தபோதும் அவள் விரல்கள் பாவாடையை இழுத்து இழுத்து உதறின. ஒரு மத்தியானம் பொறுமை இழந்து, அவள் கைகளைத் துண்டால் கட்டிலோடு கட்டினேன். “தூங்கித் தொலைடி” என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. கண்ணை மூடாமல் என்னையே பார்த்தாள்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கப் பெண்கள் வருவார்கள். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியும் சேலை மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். பெண்களை ஆண்கள் சோதிக்கக் கூடாது என்பதால் அது என் பொறுப்பு. பேச்சியம்மாள் ஆறு வருஷமாக எங்களிடம் வேலை பார்த்தவள். மத்தியானத்தில் கிருபா அவள் பக்கத்தில்தான் சாக்கை விரித்துத் தூங்குவாள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் பேச்சி மடியை உதறியதும் ஒரு பிடி ஏலக்காய் தரையில் சிதறியது. முதல் தரக் காய்.

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா” என்றாள்.

“காய் தானா நடந்து வந்து மடியில ஏறிக்கிருச்சாக்கும்” என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். “ஆறு வருஷமா எம்புட்டு நடந்துச்சோ” என்றாள் ஒருத்தி.

அந்தச் சொல்லில் எனக்கு வெறி ஏறியது. காய் அளக்கும் இரும்புப் படியை எடுத்து அவள் முதுகிலும் தோளிலும் அடித்தேன். தடுக்கக் கையை உயர்த்தினாள். விரல்களில் அடித்தேன். பிறகு அவள் காதில் தொங்கிய தண்டட்டியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். காது அறுந்தது. நீள வளர்த்த காது இரண்டாகப் பிரிந்து, ரத்தம் என் மணிக்கட்டில் வழிந்தது. காதறுந்த பெண்ணை நம் பக்கத்தில் என்ன சொல்லி ஏசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “போடி மூளி” என்று நானே முதலில் சொன்னேன். அவள் தெருவில் குனிந்து மண்ணை வாரி, எங்கள் வாசலைப் பார்த்துத் தூற்றிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கிருபாவுக்குத் தூக்கமில்லை. அந்த மண்தான் பிள்ளையைப் பிடித்தது என்று நம்பினேன். ஜெபிக்கிறவள்தான், ஆனாலும் நம்பினேன். “அவ வீட்டு வாசல் மண்ணையும் மிளகாயையும் போட்டுப் புகை காட்டுங்க மதினி” என்றாள் என் நாத்தனார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அதையும் செய்தேன். பிள்ளையைப் போர்வைக்குள் போட்டு நெருப்புச் சட்டியின் மேல் பிடித்தேன். திமிறினாள். பிறகு திமிறவில்லை. உதடு நீலமாகிவிட்டது. நான் தும்மியதைக் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர் போர்வையைப் பிடுங்கி எறிந்தார். “பெத்த பிள்ளயக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் படிச்சவளா?” என்றார்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், முழங்காலில் நின்று சத்தமாக ஜெபித்தேன். கிருபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஜெபத்தை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன். “ஆண்டவரே, மண்ணைத் தூற்றின அந்தப் பேச்சியின் கையை முறித்துப்போடும். என் பிள்ளையை வாட்டுகிறவளை நீர் வாட்டும்.”

பிள்ளை தாவி வந்து என் வாயைப் பொத்தினாள்.

“சாமிகிட்ட சொல்லாதம்மா. அவுக எடுக்கல. நாந்தேன் போட்டேன்.”

“எங்கன போட்ட?”

“அவுக மடியில. வாசம் நல்லாருக்குன்னு சொன்னாக. குனிஞ்சு பொடைக்கும்போது போட்டேன்.” பிறகு என்னை விட்டு விலகிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். “எம் மடியில காய் இருந்தா என் காதயும் பிச்சிருவியாம்மா?”

ஐந்து வாரமாக அவள் எதை உதறினாள் என்று அப்போது தெரிந்தது. அன்று பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள், நான் சொன்னதுபோலத் தூங்கும்போது தன் பாவாடையிலும் காய் தானாக நடந்து வந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். பேய்க்கு அல்ல, சாபத்துக்கு அல்ல, எனக்குப் பயந்திருக்கிறாள். நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. அந்தப் பதில் என்னைத் தரையில் தள்ளியது.

திருடி என்று பெயர் பரவியதால் பேச்சிக்குக் கடைவீதியில் யாரும் வேலை தரவில்லை. கூடலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். “அவ அண்ணன் முரடன். ஆள் மூலமாச் சொல்லி அனுப்புவோம், நீ போகாத” என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணன் மாட்டுத் தொழுவில் நின்றிருந்தான். நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் என் கொண்டையைப் பிடித்து மண்டியிட வைத்தான். அரிவாள் முனை காதின் அடியில் பதிந்தது. ரத்தம் கழுத்தில் சூடாக இறங்கியது.

“ஏத்தா பேச்சி, வெளிய வா. எந்தக் காதுன்னு மட்டும் சொல்லு” என்றான்.

கிருபா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். “நாந்தேன் காயப் போட்டேன். என் காத அறுங்க மாமா.”

அரிவாள் நின்றது. வெளியே வந்த பேச்சியின் காது இரண்டு துண்டாகக் காய்ந்து தொங்கியது. “விடுண்ணே. பிள்ள பயப்படுது” என்றாள். அவன் விட்டதும் என் முன்னால் வந்து கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். என் உதடு கிழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிச்சா காது ஒட்டிக்கிருமா?” என்றாள்.

பிறகு கிருபாவைப் பார்த்தாள். “ஏ கழுத, எனக்குக் குடுக்குறதா இருந்தா கையில குடுக்க வேண்டியதுதான? மடியில ஒளிச்சா குடுப்பாக?”

கிருபா சிரித்துவிட்டாள். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. பேச்சி தரையில் உட்கார்ந்ததும் போய் அவள் மடியில் தலை வைத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். மாடுகள் கத்தின, கோழி குறுக்கே ஓடியது, அவள் அசையவில்லை. வெயில் சாயும் வரை பேச்சியும் அசையவில்லை. கால் மரத்துப்போயும் அவள் காலை மாற்றவில்லை. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைவீதியில் கடை கடையாக ஏறிச் சொன்னேன். எங்கள் கிட்டங்கியில் மடி உதறும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். பேச்சியை வேலைக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. “உங்க நெழலப் பாத்தா இன்னும் ஒடம்பு நடுங்குது” என்று சொல்லியனுப்பினாள். அவள் சொன்னது நியாயம். கிருபா இப்போது தூங்குகிறாள். ஆனால் தலை சீவ நான் கையை நீட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவளைத் தூங்க வைத்தவர் அதையும் ஆற்றுவார் என்று தினமும் அவரை ஸ்தோத்திரித்துக் காத்திருக்கிறேன்.

பிள்ளை தூங்காத வீட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். புகை போடாதீர்கள், யார் மேலும் சாபம் கேட்காதீர்கள். அவர் காட்டுவது குற்றம் செய்த உங்கள் கையாகவே இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பட்டதை வைத்துச் சொல்கிறேன், அவரை நம்பலாம்.

இன்னும் ஒன்று. பேச்சியம்மாளைத் திருடி என்று எங்காவது யாராவது சொன்னால், இந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள். அவள் திருடவில்லை.