எடுக்காத நிலம்

"நாங்க எங்கய்யா எடுத்தோம்?" இந்தக் கேள்வி பதினோரு வருஷமாக என்னை உறுத்துகிறது. கேட்டவர் நில அலுவலக அதிகாரி. எதிரே நின்றவர் என் அக்கா புருஷன்.

மாமா கொத்தனார். ஊரில் அவருக்குப் பேர் தூக்குக்குண்டு. சட்டைப் பையில் நூல் சுற்றிய குண்டு எப்போதும் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் சுவரில் அதைத் தொங்கவிட்டு, "ஒரு விரல் சாஞ்சிருக்கு" என்றவர். ஆளையும் நம்பமாட்டார், சுவரையும் நம்பமாட்டார்.

அடுத்தவனுக்கு நூறு வீடு கட்டியிருப்பார். குடியிருந்தது வாடகை வீட்டில். கடைசியில் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கி, முழங்கால் உயரம் சுவர் எழுப்பியபோது நோட்டீஸ் வந்தது. ஏரியிலிருந்து நூறு மீட்டருக்குள் இனி கட்டக்கூடாதாம். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். தண்ணீர் விளிம்பிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அலுவலகத்துக்கு ஓடினோம்.

"வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறுமோ, அங்கேர்ந்து அளக்கணும்" என்றார் அதிகாரி.

"எதிர்க்கரையில விடுதி எழும்பியிருக்கே சார்? தண்ணி ஆள் பாத்துத்தான் ஏறுமா?"

"அது பழைய அனுமதி."

"பெயிண்டே இன்னும் காயலையே! சரி, எனக்கு நஷ்டஈடாவது குடுங்க."

"நாங்க எங்கய்யா எடுத்தோம்? நிலம் உன் பேர்லதான இருக்கு. எடுத்தாத்தான் நஷ்டஈடு."

விதி ஏரிக்காக வந்ததா, விடுதி ஜன்னலுக்கு எதிரே எங்களைப் போன்றவர்கள் வீடு தெரியாமல் இருக்க வந்ததா? மாமாவுக்குச் சந்தேகம், எனக்கும்தான். கட்ட முடியாத மனையை எவன் வாங்குவான்? புதர் வெட்டவில்லை என்று எச்சரிக்கை மட்டும் வருஷா வருஷம் சரியாக அவர் பேருக்கு வரும்.

போன மாதம் படுத்த படுக்கையானார். பார்க்கப் போனேன். அந்த வாடகை அறையின் சுவரைக் காட்டி, "இதுவும் சாஞ்சுதான் இருக்கு" என்றார். பிறகு குண்டை என் கையில் திணித்தார்.

"மாப்ளே, அந்த ஆபீசுக்குப் போ. 'எடுத்துக்கிட்டோம்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதி வாங்கு. அது இருந்தா உங்கக்கா நஷ்டஈடு கேக்கலாம். அவளுக்கு ஒரு கூரை வேணும்."

"எழுதிக் குடுப்பாங்களா மாமா?"

"குடுக்க மாட்டாங்க. நீ போயி உக்காரு. வாயால சொன்னா நம்பி எந்திரிச்சு வந்துடாத. சீல் இருக்கான்னு பாத்து வாங்கு."