கணவாய்தான் என்று நினைத்தேன்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு இறால் பண்ணையில் நான் இறாலுக்குத் தீன் போட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது!

குளத்துக்குள் இறக்கி வைத்த தீன் தட்டைத் தூக்கினால் அதில் நாலைந்து இறால் கிடக்கும். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், கண்ணாடி மாதிரி உடம்பில் முதுகோடு ஓடுகிற குடல் அப்படியே தெரியும். கறுத்த கோடு வால்வரை முழுசாக இருந்தால் நல்ல சுகம். அறுந்து அறுந்து தெரிந்தால் குடலில் கோளாறு, உடனே தீனைக் குறைக்க வேண்டும். எனக்கு ஒரு பார்வை போதும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், எல்லா நோய் வருத்தமும் குடலில்தான் தொடங்கும் என்று பெரிய வாத்தியார் போல விளக்கமும் கொடுப்பேன்.

அப்படிப்பட்ட நான்தான் என் சொந்தக் குடல் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

தீன் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாமசியில் நோவுக் குளிசை வாங்கினேன். போட்டால் அரை மணித்தியாலத்தில் நோ பறந்துவிடும். நாளுக்கு ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. விடிய எழும்பி வெறும் வயிற்றில் ஒரு பிளேன்ரீயோடு விழுங்கிவிட்டு ஓடுவேன். மூன்று கிழமை இப்படியே போனது. ஒருநாள் காலையில் பார்த்தால் மலம் தார் போலக் கறுப்பு. பயந்தேனா? இல்லையே! எங்கள் வீட்டில் கணவாய் மீனை அதன் கறுப்பு மையோடுதான் கறி வைப்போம். சாப்பிட்டால் மறுநாள் கறுப்பாகப் போகும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கணவாய்தான் என்று விட்டுவிட்டேன். கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் கறுப்பு, அதற்கடுத்த நாளும் கறுப்பு.

பண்ணையில் என் கூட்டாளி கற்பிட்டி முஸ்லிம் ஒருவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு, நானா என்று கூப்பிடுவேன். நாலாம் நாள் மத்தியானம் தட்டைத் தூக்கியவன் தலை சுற்றி அப்படியே வரம்பில் இருந்துவிட்டேன். நானா ஓடிவந்து என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, இறால் வெளுத்தா குளத்துக்கு அங்கால நிண்டே சொல்லுவீங்க. நீங்க வெளுத்துக் கெடக்கிறது ஒங்களுக்குத் தெரியல்லியா?"

வயிற்றால் எப்படிப் போகிறது என்று கேட்டார். கறுப்பு, கணவாய் சாப்பிட்டது என்றேன். மனிதர் நம்பவில்லை. என் போனை எடுத்து என் மனைவிக்கே அடித்துவிட்டார்! அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"கணவாயா? இந்தக் காத்துக்கு எங்கட கண்டக்குழிக் கரையில வள்ளம் இறங்காம ஒம்பது நாளாகுது நானா. இஞ்ச பருப்பும் கருவாடும்தான்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பருப்பை என் கையாலேயே பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன், புத்தி வேலை செய்யவில்லையே! நானா போனை வைத்தார். மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றி, நான் விழுந்துவிடாமல் தோளில் கிடந்த துவாயால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். புழுதி கிளம்ப ஒரே பறப்பு. வழி முழுக்க, "தம்பி, கதைச்சிக்கிட்டே வாங்க, நித்திரையாகாதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் செத்துப்போவேன் என்று அவர் பயந்தது அந்தக் குரலில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். பிறகு தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அங்கே கசிந்த இரத்தம்தான் கறுத்து வந்திருக்கிறது. இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். அவர் ஒரு சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் கதைப்பார். கட்டில் ஓரத்தில் நின்று எனக்கு விளக்கினார். குடலின் உள்தோலில் உயிரணுக்கள் ஒரே ஒரு அடுக்குத்தானாம்! சாப்பாட்டின் சத்தை உள்ளே விடுவதும் கிருமியை வெளியே நிறுத்துவதும் அதுதானாம். அந்தக் காவல் கெட்டால் குடலோடு நிற்காத வருத்தங்களும் வருமாம். நான் அள்ளி விழுங்கிய குளிசைகள் கெடுத்தது அதைத்தான். இத்தனை வருடமாக இறால் குடலுக்குள் இருக்கிற கோட்டைப் பார்த்தேனே தவிர, அதைச் சுற்றியிருக்கிற சுவரை நான் நினைத்ததே இல்லை.

அந்தத் தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிவிடும் என்று அவர் சொன்னதும் நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப இப்ப எனக்குள்ள இருக்கிறது போன கிழமைத் தோல் இல்லையா டொக்டர்?"

"ஓம், இல்லதான்," என்று சிரித்தார். "ஆனா புண் ஆற ரெண்டு மாசம் போகும். நீங்க திரும்பக் கெடுக்காம இருந்தா சரி."

அன்று வார்டில் ஒருவரையும் நான் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் வரைக்கும் குடல் கதைதான்!

இரண்டு மாதம் கழிந்தது. காற்று அடங்கி வள்ளங்கள் இறங்கின. மனைவி கணவாய்க் கறி வைத்தாள், ஒரு பிடி பிடித்தேன். மறுநாள் காலை பார்த்தால் கறுப்பு! சாப்பிட்டது நல்லாக ஞாபகம் இருந்தும் மனம் கேட்கவில்லை. பண்ணைக்கு ஓடிப்போய் நானாவின் முன்னால் நின்றேன். அவர் என் முகத்தை வெயில் பக்கம் திருப்பி இமையை இழுத்தார்.

"செக்கச் செவேலெண்டு இரிக்கி. இது கணவாய்தான் தம்பி!"

இரண்டு பேரும் வரம்பில் நின்று சிரித்த சிரிப்பில் குளத்து இறால் எல்லாம் துள்ளியிருக்கும். அடுத்த நாள் எல்லாம் வழமைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு இறாலை வெயிலுக்குப் பிடிக்கும்போதெல்லாம், அன்றைக்கு என்னைப் பிடித்துப் பார்க்க ஒரு மனிதர் பக்கத்தில் இருந்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.