ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தவை

1. அன்று பட்டறையில் இருந்தவர்கள்

நான், முனிராஜ். ஓசூர் சிப்காட் பக்கம் மெஷின்களின் எலக்ட்ரானிக் கார்டு ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவன். எட்டாவது வரை படித்தவன்.

ரேவதி மேடம். பெங்களூர் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, வீடு ஓசூரில்.

பசவராஜ். பக்கத்து ஷெட்டில் லீக் டெஸ்ட் செய்பவர்.

ஸ்டெல்லா. கணவர் அந்தோணி இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

சேவியர். ஸ்டெல்லாவின் அண்ணன்.

அந்தோணி வேலை செய்த கான்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருவர். பெயர் வேண்டாம்.

மேசை மேல் அந்தோணியின் வாட்ச். வாட்ச் என்று நாங்கள் சொல்வோம். அது டைவ் கம்ப்யூட்டர். தண்ணீருக்குள் இறங்குகிறவர் கையில் கட்டிக்கொள்வது. எத்தனை ஆழம், எத்தனை நேரம், எவ்வளவு வேகமாக மேலே வந்தார், எல்லாம் அதன் மெமரியில் பதிவாகும். அதற்குப் பெயர் லாக்.

"அவிய கையில கெடந்தது," என்றார் ஸ்டெல்லா. "இதுல எல்லாம் பதிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாவ. பெங்களூர்ல காட்டுனோம். பழைய மாடலு, இத படிக்கிற சாஃப்ட்வேரே இப்ப கெடையாதுன்னுட்டாவ. நெட்டுல தேடுனா இங்க ஓசூர்லயே நீங்க இருக்கீய."

அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டேங்க், கிணறு, மதகு என்று தண்ணீருக்குள் வேலை எடுக்கும் கம்பெனியில் டைவர். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பழைய கிரானைட் குவாரி. வெட்டி முடித்த குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. அதில் ஒரு பெரிய பம்ப் விழுந்து கிடந்தது. இறங்கி அதற்குச் சங்கிலி மாட்ட வேண்டும். மேலே கயிறு பிடித்தவர் சேவியர். வேலை முடிந்து மேலே வந்து உட்கார்ந்த அந்தோணிக்குக் கால் மரத்தது. பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது.

சூப்பர்வைசர் சொன்னது, ஒரே தடவைதான் இறங்கினார், கயிற்றுக்காரன் வேகமாக இழுத்துவிட்டான் என்று. சேவியர் சொன்னது வேறு. வாட்ச் சொல்லட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கேபிளை மாட்டினேன். மேடம் ப்ரோக்ராமை ஓட்டினார். அந்தோணி இறந்த தேதியில் ஒரே ஒரு டைவ் வந்தது. இருபத்துநான்கு மீட்டர் ஆழம். இருபத்திரண்டு நிமிடம். அடியிலிருந்து மேலே வர எண்பது வினாடி.

"நிமிஷத்துக்கு ஒம்போது மீட்டர்தான் ஏறணும்," என்றார் மேடம். "ரெண்டரை நிமிஷத்துக்கு மேல ஆகியிருக்கணும். இது வேகம்தான்."

சூப்பர்வைசர் சேவியரைப் பார்த்தார். "இப்ப என்னப்பா சொல்ற?"

"மொத தடவ வேகமா இழுத்தது நெசம். நான் இல்லேங்கல," என்றார் சேவியர். "அதுக்குப் பொறவு ஆறு தடவ எறக்குனியள, அது எங்க?"

"ஒரே தடவ சார்," என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். "ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு."

சேவியர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நல்லா பாருங்க. கொக்கி நழுவிக்கிட்டே இருந்திச்சு. ஒவ்வொரு தடவையும் மேல வந்து சொல்லுவாரு, திரும்ப எறக்குவாவ. மொத்தம் ஏழு தடவ."

"வாட்ச்ல ஒண்ணுதான் இருக்கு," என்றேன்.

"நான் பொய் சொல்லல அண்ணாச்சி."

"மனுஷன் சொல்லுவான். மெமரி பொய் சொல்லாது."

இதைச் சொன்னது நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா அழவில்லை. வாட்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். அண்ணனைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

மூன்று தாள் பிரிண்ட் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. ஒன்றை சூப்பர்வைசர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்று ஸ்டெல்லாவுக்கு.

2. பிரஷர் பானை

அந்த ப்ரோக்ராம் எங்களுடையது. அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு ரேவதி மேடம் இதே மாதிரி ஒரு வாட்ச் கொண்டுவந்தார். அவர் லீவு போட்டுப் பாண்டிச்சேரி போய் டைவிங் கற்றுக்கொண்டவர். பழைய வாட்ச், செகண்ட் ஹேண்ட், கேபிள் இல்லை. அதன் கனெக்டர் பின்களை அளந்து கேபிள் செய்து கொடுத்தேன்.

"உள்ள இருக்கறத படிக்க ஒரு ப்ரோக்ராம் எழுதலாம்ணா," என்றார். "ஃப்ரீயா விட்டுடலாம். சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கும். உலகத்துல யார் வேணா பாக்கலாம், திருத்தலாம்."

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்."

"பைட்டுக்கு இங்கிலீஷ் வேணாம்ணா. எண்ணத் தெரிஞ்சா போதும்."

மெமரியில் இருப்பது வெறும் எண்கள், ஒவ்வொன்றும் ஒரு பைட். எந்த எண் ஆழம், எது நேரம் என்று எங்கேயும் எழுதியிருக்காது. வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஓசூரில் கடலுக்கு எங்கே போவது? பசவராஜிடம் போனேன்.

பசவராஜ் வேலை, வார்த்து வந்த உருப்படியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்குவார். குமிழ் வந்தால் ரிஜெக்ட். அவரிடம் ஒரு சின்ன ஸ்டீல் பிரஷர் பானை உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி, வாட்சைப் போட்டு, மூடியை முடுக்கி, கம்ப்ரஸரிலிருந்து காற்று கொடுத்தோம். அழுத்தம் ஒரு பார் ஏற்றினால் பத்து மீட்டர் ஆழம். இரண்டு பார் என்றால் இருபது. வெளியே எடுத்து மெமரியைப் படித்து, எந்த பைட் மாறியிருக்கிறது என்று நோட்டில் குறிப்பேன். மறுபடியும் பானை.

"ஏன்ப்பா முனி," என்பார் பசவராஜ். "ஓட்டை இருக்கான்னு தேடறது என் பொழப்பு. ஓட்டை இல்லாத சாமானுக்குள்ள நீ என்னத்தப்பா தேடற? ஆயித்தா?"

முடிந்ததா என்று கன்னடத்தில் கேட்பது. பத்து நிமிடத்துக்கு ஒரு ஆயித்தா.

ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பெருமை. பானையில் பத்து மீட்டருக்கு ஏற்றினால் ப்ரோக்ராம் ஒன்பது என்றே காட்டியது. பிரஷர் கேஜை மாற்றினோம், அப்படியேதான் வந்தது. நான்கு வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் மேடம்தான் பிடித்தார். ப்ரோக்ராமில் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தைப் போட்டிருந்தோம். ஓசூர் மேட்டில் இருக்கிற ஊர். இங்கே காற்றழுத்தம் குறைவு. அந்த ஒரு மீட்டரைச் சரி செய்தோம். அவ்வளவு கவனமாக வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

பானைக்குள் போட்ட ஒவ்வொரு தடவையும் வாட்ச் அதை ஒரு டைவ் என்று எழுதிக்கொள்ளும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அப்படி அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மேடம் கடலில் இறங்கியது ஒன்பதே ஒன்பது. அதைத் தேடி எடுப்பதற்குள் கண் வலித்தது.

"அஞ்சு நிமிஷத்துக்குக் கம்மியா இருக்கறத காட்டாம விட்டுடுங்க மேடம்," என்றேன். "எல்லாம் குப்பை."

"நெஜமாவே யாராவது அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஏறிட்டாங்கன்னா?"

"காசு கட்டிக் கடலுக்குப் போறவன் அஞ்சு நிமிஷத்துல ஏன் மேடம் மேல வர்றான்?"

பசவராஜ் சிரித்தார். மேடமும் சிரித்தார். ஒரு வரி சேர்த்தார். லிஸ்ட் சுத்தமாகிவிட்டது. அந்த மாதமே நெட்டில் விட்டோம்.

தண்ணீருக்குள் இறங்குகிறவர் என்றால் எங்களுக்கு மேடம் மாதிரி லீவில் போகிறவர்தான் நினைவுக்கு வந்தார். கூலிக்கு இறங்குகிறவர் வரவில்லை. நானே கூலி வேலை செய்து வளர்ந்தவன். எனக்கும் வரவில்லை.

3. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மெயில்

ஸ்டெல்லா வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை. நான் ஒரு மோட்டார் டிரைவ் கார்டில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். மேடம் லேப்டாப்பைத் திறந்தபடியே உள்ளே வந்தார்.

"அண்ணா, பிலிப்பைன்ஸ்ல இருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. மீன் பண்ணைல தண்ணிக்குள்ள வலை தைக்கறவராம். மூணு நிமிஷம், நாலு நிமிஷம்னு எறங்கி எறங்கி ஏறுவாராம். வாட்ச் ஸ்க்ரீன்ல மொத்தம் முன்னூத்தி நாப்பது டைவ்னு இருக்காம். நம்ம ப்ரோக்ராம்ல தொண்ணூத்தி ஆறுதான் வருதாம். சோர்ஸ் கோடைத் தெறந்து பாத்து வரி நம்பர் போட்டு எழுதியிருக்காரு."

"எந்த வரி?"

"குப்பை வரி."

சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன். ரெக்சின் கருகிய நாற்றம் வந்துதான் பார்த்தேன். அந்த ஓட்டை இன்னும் மேசையில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். எந்த கார்டு வந்தாலும், கை வைக்கும் முன் மெமரி ஐசியில் இருப்பதை அப்படியே முழுசாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வோம். டம்ப் என்போம். அந்தோணி வாட்ச் ஸ்டெல்லாவிடம் இருந்தது. அதன் டம்ப் என் கம்ப்யூட்டரில் இருந்தது.

மேடம் அந்த வரியை நீக்கிவிட்டு அந்த டம்பைப் போட்டார். ஓட்டினார்.

முதலில் அந்த இருபத்திரண்டு நிமிடம். அதற்குக் கீழே வரிசையாக வந்தது. மேடம் படித்தார். நான் கார்டு சுற்றி வந்த அட்டையில் எழுதினேன். நாலு. மூணு. நாலு. மூணு. நாலு. மூணு. எல்லாமே இருபத்துமூன்று, இருபத்துநான்கு மீட்டர். நடுவே மேலே இருந்தது ஆறு நிமிடம், ஏழு நிமிடம்.

ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று ரத்தத்தில் கரையும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். மெதுவாக ஏறினால் மெதுவாக வெளியேறும். சட்டென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழ் விடும்.

"ஒரு தடவை இல்லண்ணா," என்றார். "மேல வந்தவரத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்காங்க."

பசவராஜ் எட்டிப் பார்த்தார். "ஆயித்தா?"

உள்ளே வந்து ஸ்க்ரீனைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். போய்த் தன் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு சொன்னானேப்பா," என்றார்.

மெமரி பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. அதன் வாயை மூடியது நாங்கள். ஒரு மீட்டருக்காக நான்கு வாரம் உட்கார்ந்தவர்கள், ஆறு டைவைச் சிரித்துக்கொண்டே தூக்கிப் போட்டிருக்கிறோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கை வைக்கும் முன் டம்ப் எடுங்கள். மெமரியில் இருப்பதை எல்லாம் காட்டுங்கள், வேண்டாததைப் பார்க்கிறவர் தள்ளிக்கொள்ளட்டும். எதிரே நிற்கிற ஆள் ஏழு என்று சொன்னால், உங்கள் லிஸ்ட்டில் ஏன் ஒன்று இருக்கிறது என்று முதலில் உங்கள் வேலையைச் சந்தேகப்படுங்கள். நான் அந்த ஆளைச் சந்தேகப்பட்டேன்.

சோர்ஸ் கோடு பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வலைக்காரருக்கு எங்கள் தப்பு தெரிந்திருக்காது. எங்களுக்கும் தெரிந்திருக்காது. அன்றே புது ரிலீஸ் விட்டோம். என்ன மாற்றினோம், ஏன் என்று எழுதும் இடத்தில், ஐந்து நிமிடக் கணக்கு முனிராஜ் சொன்னது, தவறு என்று போடச் சொன்னேன். மேடம், நம்ம ரெண்டு பேர் பேரும் போடலாம் என்றார். போட்டார்.

4. மூக்கண்டப்பள்ளி

திங்கட்கிழமை ஸ்டேஷனில் புதுத் தாளும் ஒரு கடிதமும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

அங்கிருந்து நானும் மேடமும் பசவராஜும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனோம். ஓசூரிலேயே மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு. ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை.

தாளை நீட்டினேன்.

"அன்னைக்கே குடுத்தியள."

"அது தப்பும்மா. இதுதான் சரி."

"வாட்ச் தப்பா காட்டிருச்சா?"

"வாட்ச் சரியாத்தான் வச்சிருந்துது. நாங்க பாதிய மறைச்சு வச்சிருந்தோம். சின்னச் சின்னதா இருந்ததெல்லாம் குப்பைன்னு காட்டாம விட்டுட்டோம்."

"மெமரி பொய் சொல்லாதுன்னிய."

"அது சொல்லல. நான்தான் சொன்னேன்."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லா கையைக் காட்டி நிறுத்தினார். தாளைத் தரையில் விரித்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கீழே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

"இவ்வளவு வாட்டியும் இதே ஆழமா?"

"ஆமாம்மா."

"மொத வாட்டி இழுத்தது வேகம்தானா?"

"அதும் ஆமாம்," என்றேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. "அத அவரே அன்னைக்கு ஒத்துக்கிட்டாரு."

ஸ்டெல்லா தலையாட்டினார். போனை எடுத்தார். சேவியர் அன்றே ஊருக்குப் போய்விட்டார், துறைமுகத்தில் போட் இஞ்சின் வேலை செய்கிறார், யார் யாரோ சொல்லித்தான் தெரியும் என்றார். அண்ணன் நம்பரை பிளாக் செய்திருந்தார். பிளாக்கைத் திரும்ப எடுத்துவிட அவருக்குத் தெரியவில்லை. மேடம் எடுத்துவிட்டார்.

ரிங் நெடுநேரம் போனது. ஸ்பீக்கரில் இஞ்சின் சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா?"

இஞ்சின் நின்றது.

ஸ்டெல்லா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. விரல் இன்னும் தாளின் கடைசி வரியில் இருந்தது.

"அண்ணே, அவிய எத்தன தடவ எறங்குனாவ?"

அன்று என் பட்டறையில் சொன்ன அதே குரலில் சேவியர் சொன்னார்.

"ஏழு."