தெருவுக்குக் குறுக்கே ஒரு வார்த்தை

தூரிகையைச் சாயத்தில் தோய்க்குமுன் காசிநாதன் அதை உலர்ந்தபடியே இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒருமுறை இழுப்பான். கண்ணை மூடிக்கொண்டுதான். ஒரு மயிர் தனியாகக் குத்தினாலும் போதும், பல்லால் பிடுங்கித் துப்பிவிட்டு மறுபடி இழுப்பான். அணில் வால் மயிரைக் கழிவுப் பட்டுநூலால் கட்டி அவனே செய்துகொண்ட தூரிகை அது.

பிள்ளையார்பாளையத்தில் மைத்துனன் குமாரசாமியின் தறியில் நெய்கிறவன் அவன். 1932 சித்திரையில் மூன்று நாளாக அந்தத் தறி சும்மா கிடந்தது.

"என்னா மாப்ள, பொடவைய உட்டுட்டு எழுத்து நெய்யக் கெளம்பிட்டியா?" என்றான் குமாரசாமி.

"இந்தத் துணி தெருவுல தொங்கட்டும் மச்சான். தொங்கலன்னா திங்கக்கெழமை தறியில வந்து குந்திக்கிறேன். அப்பறம் பிரஷ்ஷத் தொடமாட்டேன்."

சின்ன காஞ்சிபுரம் நாடக சபைக்கான துணி. தெருவுக்குக் குறுக்கே கட்ட வேண்டும். 'நாடகம்' என்ற ஒரே வார்த்தை. முதல் துணியில் சாயம் ஊறிப் பரவி எழுத்தெல்லாம் வீங்கிப்போயிற்று. அதைச் சுருட்டி எறிந்தான். அடுத்த துணிக்குப் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோலக் கஞ்சி போட்டு, விறைப்பாக இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்தான். இப்போது சாயம் போட்ட இடத்தில் நின்றது. 'நா' தடித்துத் தொடங்கி, அதன் கால் முடியும் இடத்தில் சாயம் வற்றி, மயிர்க் கோடுகளாகப் பிரிந்தது. டகரத்தின் மூலையில் தூரிகையை அழுத்தித் திருப்பினான். மகரத்தின் மேல் புள்ளி வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான்.

சபைக் காரியதரிசி ஹயக்ரீவன் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "ஏன்டாப்பா, எழுத்துன்னா நிமிர்ந்து நிக்க வேண்டாமோ? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சாயறதே!"

பட்டணத்துத் தகட்டில் வெட்டிய அச்செழுத்தை வைத்து அதே வார்த்தையை வேறொரு துணியில் அவர் தயாராகப் போட்டு வைத்திருந்தார். காசிநாதனுக்குத் தறி கண்முன் வந்தது. ஆனாலும் அவன் இடத்தைவிட்டு நகரவில்லை.

"சாமி, நோட்டீஸ கையில வெச்சிக்கினு படிக்கிறவனுக்கு அது சரி. இது வண்டியில வர்றவனுக்கு. ஒவ்வொண்ணா கட்டுங்க. வெளியூருக்காரன் எவன் மொதல்ல வர்றானோ, அவன் சொல்லட்டும்."

அவருக்கும் வீம்பு. தகட்டெழுத்துத் துணி முதலில் ஏறியது. தாமலிலிருந்து வைக்கோல் வண்டி ஓட்டிவந்த முனிசாமியைத் தெருமுனையில் நிறுத்தி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள்.

"தூரமாக்கீதுபா. ஒண்ணும் புரியல."

அதை இறக்கிக் காசிநாதனின் துணியைக் கட்டினார்கள். வண்டியைக் கிளப்பிய முனிசாமி மூக்கணாங்கயிற்றைச் சுண்டி நிறுத்தினான். "நாடகம்! இன்னிக்கேவா?"

ஹயக்ரீவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, ஒன்னோடதே தொங்கட்டும். போ!"

திங்கட்கிழமை காசிநாதன் தறிக்குப் போகவில்லை. சோடாக் கடை, ஜவுளிக் கடை, தண்ணீர்ப் பந்தல் என்று அந்தச் சாய்ந்த எழுத்து ஊரெங்கும் ஏறியது.

ஐப்பசியில் முனிசாமி வண்டிப் பலகையில் தன் பெயர் எழுதச் சொல்லி வந்தான். எழுதி முடித்து, "சரியாக்கீதா பாரு" என்றான் காசிநாதன். முனிசாமி வழியில் போன ஒருவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னான்.

"ஏன்பா, நீ படிச்சவனாச்சே? அன்னிக்கு நாடகம்னு சொன்னியே!"

"எனக்கு எங்கபா எழுத்து தெரியும்? ஒன் எழுத்து சும்மா நிக்காம ஆடிக்கினு இருந்துச்சு. ஆடுறது வேற என்னாவா இருக்கும்னு சொல்லிட்டேன்."